வந்தது விலை அல்ல, வாசல்!

பட்டிமன்றத் தலைப்பு: மகளிர் இருபது ஓவர் கிரிக்கெட் லீக் பெண்ணுக்குத் தந்திருப்பது வாசலா? விலைச்சீட்டா?
'வாசலே!' என்ற அணியில் பேசியது

நடுநிலை தவறாத நடுவர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் பேசி எங்கள் அணிக்கு நல்ல ரன் சேர்த்துக் கொடுத்துப் போன தம்பி அவர்களே, எதிரே உட்கார்ந்துகொண்டு நான் எப்போது அவுட் ஆவேன் என்று பார்த்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே, பெரியோர்களே, தாய்மார்களே!

இன்றைக்குக் காலையில் நான் கிளம்பும்போது என் மனைவி கேட்டாள், "எந்தத் தலைப்புல பேசப் போறீங்க?" "கிரிக்கெட்" என்றேன். மேலேயும் கீழேயும் பார்த்தாள். "நான் சீரியல் பார்க்கிற நேரமாப் பார்த்து ஸ்கோர் பாக்கணும்னு ரிமோட்டைப் புடுங்குவீங்களே, அந்தக் கிரிக்கெட்டா? சரி, போயிட்டு வாங்க" என்றாள். (சிரிப்பு)

ஆனால் ஐயா, அதே அம்மா என்ன செய்தாள் தெரியுமா? 2025 நவம்பர் 2-ஆம் தேதி ராத்திரி. ரிமோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இன்னைக்கு யாரும் சேனலை மாத்தப்படாது. நம்ம பொண்ணுங்க விளையாடுறாங்க" என்றாள். முப்பது வருஷமாக என் கையில் இருந்த ரிமோட் ஐயா! ஒரே ராத்திரியில் ஆட்சி மாறிவிட்டது. (கைதட்டல்)

நான் கவனித்தது ரிமோட்டை இல்லை. அவள் சொன்ன சொல்லை. 'நம்ம பசங்க ஜெயிச்சுட்டாங்க' என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த காது இது. 'நம்ம பொண்ணுங்க' என்று ஒரு வீட்டுக் கூடத்தில் ஒலிக்க இத்தனை காலம் ஆகியிருக்கிறது. அந்தச் சொல்லுக்கு வாசல் திறந்தது எது என்பதுதான் இன்றைக்குக் கேள்வி.

எதிரணித் தலைவி அம்மா மிக நன்றாகப் பேசினார்கள். கோபமாகப் பேசினார்கள். "பெண்களை ஏலம் போடுகிறார்களே, இது என்ன மாட்டுச் சந்தையா?" என்று கேட்டார்கள். கைதட்டல் வாங்கினார்கள். நானும் தட்டினேன். தட்டிவிட்டு யோசித்தேன்.

அம்மா, 2008-இல் இருந்து ஆண்களை ஏலம் போடுகிறார்களே, அப்போது ஏன் மாட்டுச் சந்தை ஞாபகம் வரவில்லை? அவனுக்குக் கோடி கொடுத்தால் 'திறமைக்கு மரியாதை'. அவளுக்குக் கோடி கொடுத்தால் 'மாட்டுச் சந்தை'யா? (சிரிப்பு)

இன்னொன்று சொல்கிறேன். பெண்ணுக்கு விலை பேசுவது இந்த நாட்டில் 2023-இல்தான் ஆரம்பித்ததா? பேசிப் பேசித்தானே கல்யாணமே நடந்தது! ஐம்பது பவுனா, நூறு பவுனா, ஸ்கூட்டரா, காரா? அந்த ஏலத்தில் பெண்ணையும் கொடுத்து, பணத்தையும் கொடுத்து, கண்ணீரையும் கொடுத்து அனுப்பினான் பெற்றவன். உலகத்திலேயே பொருளைக் கொடுத்துவிட்டு, வாங்குகிறவனுக்கே காசும் கொடுத்த ஒரே சந்தை அதுதான். 2023 பிப்ரவரி 13, மும்பையில் நடந்த ஏலத்தில் என்ன நடந்தது? ஸ்மிருதி மந்தானா என்ற பெண்ணுக்குப் பெங்களூர் அணி 3 கோடியே 40 லட்சம் கொடுத்தது. யாருக்குக் கொடுத்தது? மாமனாருக்கா? மாப்பிள்ளைக்கா? அந்தப் பெண்ணின் பெயருக்கு! பணம் போகிற திசை மாறிவிட்டது ஐயா. திசை மாறியதைப் பார்க்காமல் தொகையை மட்டும் பார்த்தால் எப்படி? (பலத்த கைதட்டல்)

அந்த ஏலத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் 1525 பேர். இருந்த இடங்கள் 90. ஏலம் என்றால் இழுத்துக்கொண்டு போய் நிறுத்துவது. ஆயிரத்து ஐந்நூறு பெண்கள் தாங்களே வந்து பெயர் எழுதிக்கொடுத்தால் அதற்குப் பெயர் ஏலமா? இத்தனை வருஷமாகக் கதவுக்கு வெளியே வரிசையில் நின்றிருக்கிறார்கள் என்றல்லவா அர்த்தம்!

சரி, அடுத்த குற்றச்சாட்டு. எதிரணித் தம்பி சொன்னார், "ஆண்கள் செய்ததைப் பார்த்துப் பெண்கள் காப்பி அடிக்கிறார்கள்" என்று. தம்பி, நீங்கள் பரீட்சையில் காப்பி அடித்திருக்கிறீர்களா தெரியாது. (சிரிப்பு) காப்பி அடிப்பதற்கு ஒரு இலக்கணம் இருக்கிறது. முன்னால் இருப்பவன் எழுத வேண்டும், பின்னால் இருப்பவன் பார்த்து எழுத வேண்டும். இப்போது வருஷத்தைப் பாருங்கள்.

கிரிக்கெட்டில் முதல் உலகக் கோப்பை எப்போது? 1975 என்பீர்கள். அது ஆண்களுக்கு. பெண்கள் 1973-லேயே இங்கிலாந்தில் உலகக் கோப்பை ஆடி முடித்துவிட்டார்கள். சர்வதேச இருபது ஓவர் ஆட்டம் முதலில் ஆடியது யார்? 2004 ஆகஸ்ட் 5, இங்கிலாந்தில் ஹோவ் என்ற ஊரில், இங்கிலாந்துப் பெண்களும் நியூசிலாந்துப் பெண்களும். ஆண்கள் ஆடியது 2005 பிப்ரவரியில். ஒருநாள் ஆட்டத்தில் முதல் இரட்டைச் சதம் யார்? சச்சின், 2010 என்பீர்கள். சச்சினுக்கு என் நமஸ்காரம். ஆனால் 1997-இல், சச்சினுடைய மும்பையிலேயே, டென்மார்க்கை எதிர்த்து ஆஸ்திரேலியாவின் பெலிண்டா கிளார்க் 229 ரன் அடித்து அவுட் ஆகாமல் திரும்பினார். இப்போது சொல்லுங்கள் தம்பி, யார் பேப்பரைப் பார்த்து யார் எழுதியது? (பலத்த கைதட்டல்)

நான் தமிழ் வாத்தியார். கொஞ்சம் பின்னாலும் போவேன். சிலப்பதிகாரத்தில் வாழ்த்துக் காதையில் 'கந்துக வரி' என்று ஒரு பகுதி. கந்துகம் என்றால் பந்து. பெண்கள் பந்தடித்துக்கொண்டே பாடுகிற பாட்டு. கொங்குவேளிர் பாடிய பெருங்கதையில் இன்னும் விசேஷம். 'பந்தடி கண்டது' என்றே ஒரு பகுதி. உதயணனுக்கு இரண்டு தேவியர், வாசவதத்தை, பதுமாபதி. இரண்டு பேருடைய தோழியர் கூட்டமும் போட்டி போட்டுப் பந்தடிக்கிறார்கள். ஒருத்தி ஆயிரம் அடி அடித்தால் அடுத்தவள் அதற்கு மேலே போகிறாள். எண்ணுகிறார்கள் ஐயா, எண்ணிக்கை வைக்கிறார்கள்! இரண்டு அணி, போட்டி, ஸ்கோர், பார்க்க அரசன். பாக்கி என்ன? விளம்பர இடைவேளை ஒன்றுதான். (சிரிப்பு) ஆக, பெண் கையில் பந்து புதிதாக வரவில்லை. நடுவில் யாரோ பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். இப்போது திரும்பி வந்திருக்கிறது.

மூன்றாவது, "இருபது ஓவர் என்பது அவசரச் சமையல். எல்லைக்கோட்டையும் உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள், பந்தும் சின்னது" என்றார்கள். உண்மை. பெண்கள் ஆடும் பந்தின் எடை 140 முதல் 151 கிராம். ஆண்கள் பந்து அதைவிடச் சில கிராம் கூடுதல். அதனால் என்ன? தவிலுக்குக் குச்சி உண்டு, மிருதங்கத்துக்குக் கிடையாது. குச்சி பிடிக்காததனால் மிருதங்கக்காரர் அரை வித்துவானா? அதது அதனதன் இலக்கணத்தில் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சின்னது என்பதனால் சுலபமா? வள்ளுவர் ஏழு சீரில் அல்லவா எழுதினார்! காவியத்தில் ஒரு பாட்டு சோர்ந்துபோனால் அடுத்த பாட்டில் சரிக்கட்டலாம். குறளில் ஒரு சீர் தட்டினால் எங்கே போய் ஒளிவது? 120 பந்து ஆட்டமும் அப்படித்தான். கேளுங்கள். 2024 பிப்ரவரி 23, பெங்களூர். இரண்டாவது வருஷப் போட்டியின் முதல் ஆட்டம். டெல்லியை ஜெயிக்க மும்பைக்குக் கடைசிப் பந்தில் 5 ரன் வேண்டும். உள்ளே வருகிறாள் வயநாட்டுப் பழங்குடிப் பெண் சஜனா சஜீவன். அதுவரைக்கும் அவள் ஒரு பந்துகூடச் சந்திக்கவில்லை. முதல் பந்தும் அதுதான், கடைசிப் பந்தும் அதுதான். இறங்கி வந்து அடித்தாள், சிக்ஸர்! அவசரச் சமையலாம்! அந்த ஒரு பந்துக்காக எத்தனை வருஷம் அடுப்பு எரிந்திருக்கும்? (கைதட்டல்)

இன்னொரு அம்மா. திருவனந்தபுரத்துக்காரர், ஆஷா சோபனா. 10 லட்சம் ரூபாய் அடிப்படை விலைக்குத்தான் எடுத்தார்கள். 2024-இல் உத்தரப் பிரதேச அணிக்கு எதிராக 22 ரன் கொடுத்து 5 விக்கெட். அந்த லீக்கில் ஐந்து விக்கெட் எடுத்த முதல் இந்தியப் பெண். அதே வருஷம் மே மாதம் இந்திய அணிக்கு முதல் முறையாக ஆடினார். வயது என்ன தெரியுமா? 33! நம்ம ஊரில் 33 வயசுப் பெண் மட்டையை எடுத்தால், துவைக்கப் போகிறாள் என்றுதான் நினைப்பார்கள். (சிரிப்பு) அந்த வயதில் ஒரு பெண் நாட்டுக்காக முதல் பந்து போடுகிறாள். லீக் இல்லாவிட்டால் அவரைத் தேர்வுக்குழு எங்கே பார்த்திருக்கும்?

நடுவர் ஐயா, நான் ஒருதலைப்பட்சமாகப் பேச மாட்டேன். எதிரணி சொன்னதில் நியாயம் இருக்கிற இடத்தில் தலை வணங்குகிறேன். 2023-இல் பெண்கள் அணி ஒவ்வொன்றும் வீராங்கனைகளை எடுக்க வைத்திருந்த தொகை 12 கோடி. அதே வருஷம் ஆண்கள் அணிக்கு 95 கோடி. எட்டில் ஒரு பங்கு! ஆட்டத்துக்கான சம்பளம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்று என்று 2022 அக்டோபரில் கிரிக்கெட் வாரியம் அறிவித்தது, நல்லது. ஆனால் 2022-23 வருடாந்திர ஒப்பந்தத்தில் ஆண்களின் உச்சத் தொகை 7 கோடி, பெண்களின் உச்சத் தொகை 50 லட்சம். இது சமம் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். லீக் தொடங்கியபோது ஐந்து அணி. அதில் நம்ம சென்னை இல்லை. அதுவும் எனக்கு வருத்தம்தான்.

ஆனால் அம்மா, வாசல் சின்னதாக இருக்கிறது என்பது ஒரு வாதம். வாசலே இல்லை என்பது வேறு வாதம். நீங்கள் முதலாவதைச் சொல்லி இரண்டாவதற்குத் தீர்ப்பு கேட்கிறீர்கள். வாசல் சின்னதா? இடித்துப் பெரிதாக்குவோம். நானும் கடப்பாரை எடுத்துக்கொண்டு வருகிறேன். அதற்காக இருக்கிற கதவை மூடச் சொல்லாதீர்கள்.

கதவு இல்லாத காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சென்னையில் பிறந்த சாந்தா ரங்கசாமியின் தலைமையில் 1976-இல் பாட்னாவில் மேற்கிந்தியத் தீவுகளை ஜெயித்து இந்தியப் பெண்கள் முதல் டெஸ்ட் வெற்றி கண்டார்கள். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2013-இல் உலகக் கோப்பையில் சதம் அடித்த முதல் இந்தியப் பெண் நம்ம சென்னையின் திருஷ் காமினி. எத்தனை வீட்டுச் சுவரில் அவர் படம் இருக்கிறது? 2005-இல் தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் வரைக்கும் போனார்கள். ஒரு ஆட்டத்துக்கு ஆயிரம் ரூபாய் கிடைத்தது என்று அந்த அணியின் தலைவி மிதாலி ராஜ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆயிரம் ரூபாய்! இன்றைக்கு நம்ம பட்டிமன்றத்துக்கே அதைவிடக் கூடக் கொடுக்கிறார்கள். நடுவர் சிரிக்கிறார், அவருக்கு இன்னும் கூட. (சிரிப்பு)

2017-இல் லார்ட்ஸில் என்ன நடந்தது? 229 ரன் அடித்தால் கோப்பை. 191 ரன்னுக்கு 3 விக்கெட்தான் போயிருந்தது. ஊரே பட்டாசு வாங்கிவிட்டது. 219-க்கு எல்லோரும் அவுட். 9 ரன்னில் தோல்வி. திறமை இல்லையா? இருந்தது. நிறைந்த அரங்கத்தில், கடைசி ஓவர்களில், கைகால் நடுங்காமல் நிற்கிற பழக்கம் இல்லை. அந்தப் பழக்கம் வீட்டில் உட்கார்ந்திருந்தால் வராது. ஆஸ்திரேலியாவில் பெண்களுக்கு 2015-லேயே லீக் வந்துவிட்டது. நமக்கு 2018-இல் மும்பையில் ஒரே ஒரு காட்சி ஆட்டம். அடுத்து மூன்று அணி வைத்துச் சில நாள் விளையாட்டு. முழு லீக் வர 2023 ஆயிற்று.

2023 மார்ச் 4. நவி மும்பை டி.ஒய். பாட்டீல் மைதானம். முதல் ஆட்டம். பெண்களுக்கு இலவச அனுமதி. ஹர்மன்பிரீத் கவுர் 30 பந்தில் 65. மும்பை 207, குஜராத் 64. அதே மைதானம், அதே ஹர்மன்பிரீத், 2025 நவம்பர் 2. உலகக் கோப்பை இறுதி ஆட்டம். இந்தியா 298, தென்னாப்பிரிக்கா 246. கடைசி கேட்ச் யார் கையில்? அதே ஹர்மன்பிரீத் கையில்! 87 ரன் அடித்த ஷஃபாலி வர்மா, சின்ன வயதில் ரோதக்கில் பெண் என்றால் பயிற்சிக்குச் சேர்க்க மாட்டார்கள் என்று, பையன் மாதிரி முடி வெட்டிக்கொண்டு ஆடியவள். அவள் கோப்பையைத் தூக்கியபோது எந்த வேஷமும் இல்லை. அது ஐம்பது ஓவர் ஆட்டம், இது இருபது ஓவர் லீக் என்று எதிரணி கணக்குச் சொல்லலாம். ஓவர் கணக்கு வேறு. நடுக்கம் போன கணக்கு ஒன்றுதான்.

மணி அடித்துவிட்டார் நடுவர். கடைசி ஓவர் ஐயா, முடித்துவிடுகிறேன். இதை மேடையில் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். சொல்லிவிடுகிறேன்.

2001. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டில் ஒரு பெண். கிராமத்துப் பெண். இடது கையால் சுழற்பந்து போடுவாள். பல்கலைக்கழக அணித் தேர்வுக்குப் போக வேண்டும், மூன்று நாள் வருகைப் பதிவு வேண்டும் என்று கடிதத்தோடு வந்து நின்றாள். நான் படித்தவன் இல்லையா? கேட்டேன், "பந்து பொறுக்கப் போறதுக்கெல்லாம் வருகைப் பதிவா? இதுல போய் உனக்கு என்ன கிடைக்கப் போவுது? முதல்ல நன்னூலைப் படி." கையெழுத்துப் போடவில்லை. அவள் ஒன்றும் பேசவில்லை. கடிதத்தை நாலாக மடித்துக்கொண்டு போனாள். நன்னூலில் நல்ல மதிப்பெண்தான் எடுத்தாள். பந்தை மறுபடி அவள் தொடவில்லை.

போன வருஷம் பேருந்து நிலையத்தில் ஒரு அம்மா வந்து வணக்கம் சொன்னார். அவள்தான். பக்கத்தில் பதிமூன்று வயசுப் பெண். தோளில் தன்னைவிட உயரமாகக் கிட்டுப்பை. "என் பொண்ணு சார். டி.வி.யில லீக் பாத்துட்டு அவங்க அப்பாவே கொண்டுபோய்ச் சேர்த்தாரு. நம்ம மதுரைப் பொண்ணு கமலினி, பதினாறு வயசுல ஒரு கோடியே அறுபது லட்சத்துக்குப் போயிருக்கே, நம்ம பிள்ளையும் ஆடட்டும்னாரு" என்றாள். அப்புறம் சிரித்துக்கொண்டே சொன்னாள், "அம்மா, நீ ஏன் விளையாடப் போகலைன்னு இவ கேப்பா சார். நான் உங்க பேரைச் சொல்லலை."

(அரங்கில் அமைதி)

ஐயா, நான் அன்றைக்குக் கெட்டவன் இல்லை. ஆனால் 'இதுல என்ன கிடைக்கும்?' என்று கேட்டேன். அந்தக் கேள்வியை அவளுடைய அப்பா கேட்டிருப்பார், மாமா கேட்டிருப்பார், வாத்தியார் நானும் கேட்டேன். யாருக்கும் பதில் சொல்ல அவள் கையில் ஒன்றும் இல்லை. எதிரணி அம்மா விலைச்சீட்டு என்று இளக்காரமாகச் சொன்னார்களே, அந்தச் சீட்டுதான் அந்தக் கேள்விக்குப் பதில். ஒரு கோடியே அறுபது லட்சம் என்பது கமலினியின் விலை அல்ல. ஆயிரம் அப்பாக்களின் வாயை அடைக்கிற விடை. பூட்டு காசுக் கேள்வியால் போட்டது. சாவியும் காசாகத்தான் இருக்கும். உள்ளே போன பிறகு அவள் ஆடுவது காசுக்காக மட்டும் அல்ல.

அன்றைக்கு அந்தக் கிட்டுப்பையை ஒரு நிமிஷம் நான் வாங்கிப் பேருந்தில் ஏற்றிக் கொடுத்தேன். ரொம்பக் கனமாக இருந்தது. இருபத்துச் சொச்சம் வருஷம் தாமதமாக நான் போட்ட கையெழுத்து அதுதான்.

ஆகவே நடுவர் அவர்களே, என்னைப் போல இன்னொரு வாத்தியார் இன்னொரு கடிதத்தைத் திருப்பிக் கொடுக்காமல் இருக்கவாவது, மகளிர் இருபது ஓவர் லீக் பெண்ணுக்குத் தந்திருப்பது வாசலே, வாசலே, வாசலே என்று நல்ல தீர்ப்புச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)